மெரினாவிலிருந்து திருவல்லிக்கேணி வரை ஒரு பெண்கள் வரலாற்று நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

காமராஜர் சாலையில் ராணி மேரி கல்லூரி வாசலில் தொடங்குகிறோம். கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் லேடி வெலிங்டன் கல்லூரி, ஐஸ் ஹவுஸ், கண்ணகி சிலை, மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் எல்லாம் வரும். பிறகு வாலாஜா சாலையில் மேற்கே திரும்பி, பெல்ஸ் ரோட்டில் கோஷா ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, திருவல்லிக்கேணித் தெருக்களுக்குள் புகுந்து, பார்த்தசாரதி கோயில் பக்கம் முடிக்கிறோம். மொத்தம் நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும். நின்று பேசி நடப்பதால் மூன்று மணி நேரம் ஆகும்.

பெண்கள் வரலாற்றுக்கு இந்தப் பகுதியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? மயிலாப்பூர், அடையாறு எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் பெண்கள் தொடங்கிய மருத்துவமனை, கல்லூரி, விதவையர் இல்லம், ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, பத்திரிகை எல்லாம் அடுத்தடுத்து வேறு எங்கும் கிடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். கல்லூரிக்கு இங்கிலாந்து ராணியின் பெயர். பயிற்சிக் கல்லூரிக்கு ஆளுநர் மனைவியின் பெயர். ஆஸ்பத்திரிக்கு முதலில் விக்டோரியா மகாராணியின் பெயர், பிறகு காந்தியின் மனைவி பெயர். ஐஸ் ஹவுஸுக்கு ஒரு துறவியின் பெயர். இவற்றைக் கட்டி நடத்திய பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்த வாசல்களில் இல்லை. நடை முழுவதும் நாங்கள் செய்யும் வேலை அதைச் சொல்வதுதான்.

ஐஸ் ஹவுஸ் என்றால் விவேகானந்தர் இல்லம்தானே? அதில் பெண்கள் கதை எங்கே வருகிறது?

எல்லோரும் கேட்பது இது, எங்களுக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

கட்டடம் 1842-ல் எழுந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டியது. இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். 1917-ல் அரசாங்கம் வாங்கியது. 1963-ல், விவேகானந்தரின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, இப்போதைய பெயர் வந்தது.

நடுவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இது பால்ய விதவைகள் தங்கிப் படித்த இல்லம். நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி தலையை மழித்து மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அவர் அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை, படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியே வந்தபோது, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று ஊரே பேசியது.

வேலை கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம், தன்னைப் போன்ற பெண்களை வீட்டில் சேர்த்துக்கொண்டது. எழும்பூர் வீட்டில் நாலு பெண்களோடு தொடங்கியது. சமையலும் மேற்பார்வையும் அவருடைய சித்தி வாலாம்பாள் பொறுப்பு. அவரும் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். சித்தி மட்டும் அந்த வீட்டில் இல்லாவிட்டால் பெண்ணை அனுப்ப எந்தத் தகப்பனும் துணிந்திருக்க மாட்டார் என்பது எங்கள் கணிப்பு. இளம் பெண் ஒருத்தி தனியாக நடத்தும் வீட்டைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணிக்கை கூடக் கூட இடம் போதவில்லை. கடைசியில் அமைந்த இடம்தான் கடற்கரை ஐஸ் ஹவுஸ்.

அங்கே தங்கிய பெண்கள் ஆசிரியைகளானார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர 1922-ல் பக்கத்திலேயே எழுந்ததுதான் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதை ஒட்டிய பள்ளியும். அதற்கும் தலைமை சுப்புலட்சுமிதான்.

ஒன்பது நாள் தங்கியவர் பெயர் கட்டடத்துக்கு. விவேகானந்தர் மேல் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே போகிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

அந்த இல்லத்தில் எல்லாச் சாதிப் பெண்களையும் சேர்த்தார்களா?

இல்லை. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கானது. பால்ய விதவைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் கொடுமை அந்தச் சாதியில்தான் மிகக் கடுமையாக இருந்தது, எல்லோரையும் சேர்த்தால் அந்த வீடுகளிலிருந்து ஒரு பெண்கூட வெளியே வர முடியாது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. காரணம் புரிகிறது. ஆனாலும் அரசு ஆதரவோடு, அரசுக் கட்டடத்தில் நடந்த இல்லம் அது என்பதால் கேள்வி நியாயமானது. நடையில் வருகிறவர்கள் இந்த இடத்தில் வாக்குவாதம் செய்வது வழக்கம். நாங்கள் தடுப்பதில்லை.

சுப்புலட்சுமியின் பொதுவேலை அந்த இல்லத்தோடு முடியவில்லை. 1929-ல் வந்த பால்ய விவாகத் தடுப்புச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்த சட்டம் அது. பதினொன்றில் மணமாகி விதவையானவருக்கு அந்த எண் என்னவாகப் பட்டிருக்கும் என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் யோசிப்போம். 1969-ல் காலமானார்.

ஆண்கள் வரலாமா?

தாராளமாக.

எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்?

காலை ஆறு மணிக்கு. ஏழரைக்கு மேல் காமராஜர் சாலையில் நிழல் கிடையாது, அதற்குள் செனட் ஹவுஸைத் தாண்டிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி என்றால் அரை மணி தள்ளித் தொடங்கலாம். ஐஸ் ஹவுஸ் அருங்காட்சியகத்தை உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அது திறந்திருக்கும் நேரத்தில் இன்னொரு நாள் வர வேண்டும். இந்த நடையில் வெளியே நின்றுதான் பேசுகிறோம்.

ராணி மேரி கல்லூரியில் என்ன சொல்வீர்கள்?

1914-ல் 'சென்னை மகளிர் கல்லூரி' என்ற பெயரில், கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் தொடங்கியது. 1917-ல் ராணி மேரியின் பெயர் சூட்டப்பட்டது. முதல் முதல்வர் டாரதி டி லா ஹே. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து, 1936 வரை இதே கல்லூரியை வளர்த்தவர். அந்த கேப்பர் ஹவுஸ் இப்போது இல்லை.

அங்கே படித்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசுவோம். தலச்சேரியிலிருந்து வந்த ஜானகி அம்மாள். ராணி மேரியில் படித்துவிட்டு, மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். இரண்டு கல்லூரிகளுமே நம் பாதையில் வருகின்றன, நடுவே நடந்து போகிற தூரம்தான். பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931-ல் முனைவர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பினக் கரும்புகளை ஆராய்ந்தவர் அவர். நாம் குடிக்கும் காப்பியில் போடும் சர்க்கரைக்குப் பின்னால் இப்படி ஒருவரின் உழைப்பும் இருக்கிறது என்று சொன்னால், கூட்டத்தில் யாராவது உடனே காப்பி எப்போது என்று கேட்பார்கள். கடைசியில்தான்.

இன்னொரு கதை 2003-ஐச் சேர்ந்தது. இந்தக் கல்லூரியை இடித்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தது. மாணவிகள் நாள்கணக்கில் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அப்போது முதலமைச்சர் ஜெயலலிதா. பெண்கள் கல்லூரியை இடிக்க முனைந்ததும் ஒரு பெண், நிறுத்தியதும் பெண்கள். பெண்கள் வரலாறு என்றால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று அர்த்தமில்லை.

கோஷா ஆஸ்பத்திரி என்று ஏன் பெயர்? அதைத் தொடங்கியது யார்?

பர்தா முறையில் வாழ்ந்த பெண்களை 'கோஷா' பெண்கள் என்பார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் டாக்டர் கையால் நாடிகூடப் பார்க்க விடமாட்டார்கள். பிரசவத்தில் சிக்கல் வந்தால் சாவுதான். அவர்களுக்கென்று பெண் மருத்துவர்களே நடத்தும் மருத்துவமனை 1885-ல் தொடங்கியது. தொடங்கியவர் மேரி ஷார்லிப்.

அவர் டாக்டராக இந்தியா வந்தவர் அல்ல. சென்னையில் வக்கீலாக இருந்தவரின் மனைவியாக 1866-ல் வந்தவர். பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டுத்தான் மருத்துவம் படிக்க நினைத்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டது, அதில் ஒருவர் அவர். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததே 1878-ல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் படிப்பை முடித்துக்கொண்டு லண்டன் போய், அங்கே 1882-ல் தங்கப்பதக்கத்தோடு பட்டம் வாங்கி, திரும்பி வந்து இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். புறப்படும் முன் விக்டோரியா மகாராணியை நேரில் சந்தித்து இங்குள்ள பெண்களின் நிலையைச் சொன்னார். மகாராணி தன் பெயரைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார்.

முதலில் நுங்கம்பாக்கத்தில் இருந்த மருத்துவமனை 1890-ல் சேப்பாக்கத்துக்கு வந்தது. அதற்குள் ஷார்லிப் உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை ஆனது. ஆனால் ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால்தான் சட்டென்று புரியும். திருவல்லிக்கேணிக்காரர்களில் பாதிப் பேர் பிறந்த இடம் அது. 'நான் இங்கேதான் பொறந்தேன்' என்று ஒருவர் சொல்லாமல் அந்த வாசலை நாங்கள் தாண்டியதே இல்லை.

உள்ளே போக மாட்டோம். அது பிரசவ ஆஸ்பத்திரி, வாசலில் கூட்டம் போடக்கூடாது. எதிர்ப்புறம் நின்று பேசிவிட்டு நகர்ந்துவிடுவோம். படம் எடுப்பதும் வேண்டாம்.

கடற்கரைச் சிலைகளில் பெண்கள் யார் யார்?

1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகளில் இரண்டு பெண்கள்: ஒளவையார், கண்ணகி. கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் அகற்றினார்கள், பெரிய சர்ச்சையானது. 2006-ல் திரும்ப வந்தது. ஒருத்தி பாட்டெழுதியவள், இன்னொருத்தி பாட்டில் வருபவள். கண்ணகியைப் பற்றி இருபது நிமிஷம் பேச எல்லோரிடமும் விஷயம் இருக்கும். நாங்கள் ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடுவோம்.

செனட் ஹவுஸ் பல்கலைக்கழகக் கட்டடம். அங்கே என்ன?

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் புதிய சட்டப்பேரவை கூடியது இங்கேதான். துணை சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ருக்மிணி லட்சுமிபதி. 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர். 1946-ல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவர். எழும்பூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, பழைய மார்ஷல்ஸ் ரோடு. ஊர் வாயில் பாதி நேரம் பழைய பெயர்தான்.

திராவிட இயக்கப் பெண்கள் யாரும் இந்த நடையில் இல்லையா?

உண்டு. அதற்குக் கட்டடம் கிடையாது, மணல்தான்.

1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சி உறையூரிலிருந்து கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் படை நடந்து புறப்பட்டது. சுமார் நூறு பேர். செப்டம்பர் 11 அன்று சென்னை வந்து சேர்ந்தது. அன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்த பெருங்கூட்டத்தில்தான் பெரியார் 'தமிழ்நாடு தமிழருக்கே' என்றார். அந்தப் படையோடு வழிநெடுக வந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஐம்பத்தைந்து வயது. படைக்குச் சோறு போடுவதும் வழியில் கூட்டங்களில் பேசுவதும் அவர் வேலை.

தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்தே பார்த்தவர். அதை ஒழிக்கப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936-ல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். முதலில் காங்கிரஸ், பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களே, 2022-ல் தொடங்கிய அந்தப் புதுமைப்பெண் திட்டத்தின் முழுப்பெயர் 'மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்'. கல்லூரி மாணவிகள் வந்தால் உங்களில் யாருக்கு அந்தப் பணம் வருகிறது என்று கேட்போம். கைகள் உயரும். பெயர் யாருடையது என்றால் அமைதி.

முத்துலட்சுமி ரெட்டி ஏன் இல்லை?

அவர் இல்லாமல் எப்படி? ஆனால் அவருடைய முக்கிய இடங்களான ஒளவை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அடையாறு பக்கம். அங்கே தனியாக ஒரு நடை தேவை. அன்னி பெசன்டுக்கும் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவிக்கும் அதுவேதான் பதில். இராமாமிர்தத்தைப் பற்றிப் பேசும்போது முத்துலட்சுமியும் வந்துவிடுவார். தேவதாசி ஒழிப்பு மசோதாவைச் சட்டசபைக்குள் கொண்டுபோனவர் அவர், வெளியே மேடையில் பேசியவர் இவர். அந்த மசோதாவை எதிர்த்து நின்ற, தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளையும் சொல்லாமல் விடுவதில்லை. தங்கள் சொத்தும் கலையும் போய்விடும் என்று அவர் தரப்பு அஞ்சியதில் உண்மை இல்லாமல் இல்லை.

வை.மு. கோதைநாயகி யார்? பெயரே கேள்விப்பட்டதில்லை.

உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

1901-ல் பிறந்து, ஆறு வயது முடிவதற்குள் திருவல்லிக்கேணி வைத்தமாநிதி முடும்பை குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்ல வரும், எழுத வராது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். அச்சில் வந்தது 1924-ல். அடுத்த வருஷமே, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி நடத்த ஆரம்பித்துவிட்டார்! எழுதப் பழகி, தொடர்கதை எழுதி, பத்திரிகை ஆசிரியராகி, முப்பது வருஷத்துக்கு மேல் அதை விடாமல் நடத்தினார். எழுதிய நாவல்கள் 115. துப்பறியும் கதையும் அதில் உண்டு.

மேடையில் நன்றாகப் பாடுவார், நன்றாகப் பேசுவார். காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். 1932-ல் மறியல் செய்து சிறைக்குப் போனார், அங்கேயும் எழுதினார். இலக்கிய வரலாறுகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் ஒன்றிரண்டு வரிதான். வெகுஜன எழுத்து என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் நாவல்கள் எல்லாமே நல்லவை என்று நாங்கள் சொல்ல மாட்டோம், சிலவற்றில் உபதேசம் தாங்காது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வராத ஆயிரக்கணக்கான பெண்களைப் படிக்க வைத்தவர் அவர்.

பாரதியார் இல்லத்துக்குப் போவீர்களா?

அதன் வழியாகத்தான் போகிறோம், ஆனால் பாரதிக்காக அல்ல, செல்லம்மாவுக்காக. 1921-ல் பாரதி இறந்தபின், கையில் காசில்லாத நிலையிலும் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் அவர் பாடல்களை நூலாக்கியவர் செல்லம்மா. பெண் விடுதலை பாடிய கவிஞரோடு குடித்தனம் நடத்தியது எப்படி இருந்தது என்பதற்கு அவர்தான் சாட்சி.

புகழ்பெற்றவர்கள் மட்டும்தானா? மீனவப் பெண்கள்?

ராணி மேரி கல்லூரிக்கும் ஐஸ் ஹவுஸுக்கும் பக்கத்தில்தான் நடுக்குப்பம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட நாளில், ஓடி வந்த மாணவர்களுக்குத் தண்ணீரும் இடமும் கொடுத்தவர்கள் இந்தக் குப்பத்துப் பெண்கள். அதே நாளில் அவர்களுடைய மீன் சந்தை தீயில் எரிந்தது. அதை அங்கேயே சொல்கிறோம், ஆனால் குப்பத்துக்குள் கூட்டமாகப் போவதில்லை. காலையில் வியாபாரம் நடக்கும் இடம் அது, வேடிக்கை பார்க்கும் இடமில்லை. மீன் வாங்குவதென்றால் போங்கள், பேரம் பேசும்போது அவர்களே கதை சொல்வார்கள்.

கழிப்பறை வசதி?

பெண்கள் எல்லோரும் கேட்பது, கேட்க வேண்டியதும்கூட. கடற்கரையில் மாநகராட்சிக் கழிப்பறைகள் உண்டு, சுத்தம் நாளுக்கு நாள் மாறும். கிளம்பும் முன் வீட்டிலேயே போய்விட்டு வருவது நல்லது. திருவல்லிக்கேணி ஹோட்டல்களை எட்டும்வரை நம்பிக்கையான இடம் குறைவு.

குழந்தைகள், வயதானவர்கள் நடக்க முடியுமா?

கடற்கரைச் சாலை நடைபாதை அகலமானது, சக்கர நாற்காலியும் போகும். திருவல்லிக்கேணிக்குள் அப்படியில்லை: மாடு, பைக், பூக்கடை எல்லாம் நடைபாதையில்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் செனட் ஹவுஸோடு நிறுத்திக்கொண்டு சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம்.

எப்படி வருவது, திரும்புவது?

கலங்கரை விளக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் ராணி மேரி கல்லூரி நடை தூரம். முடியும் இடத்திலிருந்து திருவல்லிக்கேணி நிலையமோ, அண்ணா சாலைப் பக்கம் போனால் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமோ வசதி.

காப்பி எப்போது?

கோயிலைத் தாண்டியதும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே இருக்கிறது, இட்லி சாம்பாரில் மிதக்கும். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்காது.

கட்டணம் உண்டா? உங்களோடுதான் வர வேண்டுமா?

கட்டணம் கிடையாது. தனியாகவும் போகலாம், பாதை மேலே இருக்கிறது. ஒன்று மட்டும்: தெற்கிலிருந்து வடக்காகப் போங்கள். எதிர்த்திசையில் வந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காவிட்டாலும், கடைசியில் நிழலில்லாத சாலையில் மாட்டிக்கொள்வீர்கள், சாப்பாட்டுக் கடையும் பின்னால் போய்விடும்.